ஒரு கிலோ பாசிக்கு ஒரு டன் தண்ணீர்

ஸ்பைருலினா என்ற சுருள்பாசி குளத்தில் நன்றாக வளர்ந்து, நீலப்பச்சையாக அடர்ந்து, அறுவடைக்குத் தயாராக நிற்கும் நாளிலும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் பாசி தேறுவது கடினம். பல நாள் அரை கிராம்தான். மீதி எல்லாம் தண்ணீர். டப்பாவில் அடைத்து விற்கிற தூள் ஒரு கிலோ வேண்டுமென்றால் குறைந்தது ஆயிரம் லிட்டரை, அதாவது ஒரு டன் தண்ணீரைக் கலக்கி, வடித்து, பிழிந்து, காய வைக்க வேண்டும். நுண்பாசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ‘60 சதவீதம் புரதம்’ என்று தொடங்குவார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தப் புரதத்தைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கும் செலவில்தான் இந்தத் தொழிலின் தலையெழுத்தே இருக்கிறது. அதனால் நான் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன்.

பாசி நான் படித்த படிப்பு இல்லை. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பக்கத்தில் செம்பனை எண்ணெய் ஆலை லேப்பில் வேலை பார்த்தவன். எண்ணெயில் அமிலம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, அழுக்கு எவ்வளவு என்று ஷிப்டுக்கு ஷிப்ட் எழுதி வைத்த கை. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கலாம் என்று நினைத்தபோது, சத்துமாவும் முருங்கைத் தூளும் போட்டு விற்று ஊரில் ஓரளவு பேர் எடுத்த ஒருவர் வந்தார். தாத்தா காலத்து ரப்பர் துண்டு நிலம் ஒன்று அவரிடம் சும்மா கிடந்தது. ஜொகூரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தோடு பேசி வைத்திருந்தார். “அண்ணே, பாசியை அவங்க பாத்துக்குவாங்க. கணக்கு எழுத, டெஸ்ட் எடுக்க நம்ம பக்கம் ஒரு ஆள் வேணும்” என்றார். சரி என்றேன்.

பல்கலைக்கழக லேப்பில் பாசிக்கு ஒரு குறையும் இல்லை. முப்பது டிகிரி வெப்பம், அளந்த வெளிச்சம், வடிகட்டிய காற்று, நாள் முழுக்க மெதுவாக ஆடிக்கொண்டிருக்கும் மேடை. உணவும் அளந்தே கிடைக்கும். 1966-இல் பாரிஸில் ஸாரூக் என்ற ஆய்வாளர் வகுத்த ஊட்டக் கரைசலைத்தான் இன்றைக்கும் பலர் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட், 2.5 கிராம் சோடியம் நைட்ரேட், அப்புறம் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம், இரும்பு, துளித்துளியாக மற்ற தாதுக்கள். குடுவையில் இதெல்லாம் சில்லறைச் செலவு. 20,000 லிட்டர் குளத்துக்கு அதே அளவில் போட்டுப் பாருங்கள்: பைகார்பனேட் மட்டும் 336 கிலோ. நைட்ரேட் 50 கிலோ. அதுவும் உணவுத் தரத்தில் வாங்க வேண்டும். தோட்டத்துக்குப் போடுகிற பாஸ்பேட் உரத்தில் காட்மியம் ஒட்டிக்கொண்டு வரும். பாசியோ தண்ணீரில் இருக்கிற உலோகத்தையெல்லாம் உடம்பில் இழுத்து வைத்துக்கொள்ளும் ரகம். செம்பனை மரத்துக்கு ஒத்துவரும் மூட்டை மனிதன் சாப்பிடுகிற பாசிக்கு ஒத்துவராது.

அடுத்தது வெளிச்சம். தண்ணீரின் கொள்ளளவைக் கூட்டுவது சுலபம், ஆழமாகத் தோண்டினால் போதும். ஆனால் அடர்ந்த பாசிக்குள் வெயில் சில சென்டிமீட்டர்தான் இறங்கும். மேலே இருக்கிற பாசி கீழே இருக்கிற பாசிக்கு நிழல் போட்டுவிடும். அதனால்தான் உலகம் முழுக்க இந்தக் குளங்களை 20, 30 சென்டிமீட்டர் ஆழத்தில், ஓட்டப் பந்தயத் தடம் மாதிரி நீள்வட்டமாகக் கட்டி, துடுப்புச் சக்கரம் வைத்துச் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாப் பாசிக்கும் முறைவைத்து வெயில் கிடைக்க வேண்டும். அப்போதும் ஒரு சதுர மீட்டரில் நாளுக்கு எட்டு, பத்து கிராம் கிடைத்தால் நல்ல குளம். ஒரு பேட்மிண்டன் கோர்ட் சுமார் 82 சதுர மீட்டர். அவ்வளவு பெரிய குளம் நாளுக்கு அறுநூற்றைம்பது கிராம் தூள் தரும். ஆளுக்கு மூன்று கிராம் என்று வைத்தால் இருநூறு பேருக்கு ஒரு நாள் ஆகும். குடுவையில் கண்ட வளர்ச்சியைக் கொள்ளளவால் பெருக்கிக் கால்குலேட்டரில் டன் டன்னாகக் காட்டுகிற திட்ட அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் இந்தச் சதுர மீட்டர் கணக்கு இருக்காது. அதைப் பார்த்தவுடனே மூடி வைத்துவிடலாம்.

குளுவாங்கில் வெயிலுக்குப் பஞ்சமில்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். காலையில் லம்பாக் மலை மேல் பளிச்சென்று இருக்கும், உண்மை. மூன்று மணிக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்து கொட்டும் மழையை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. இருபது சென்டிமீட்டர் ஆழத்துக் குளத்தில் ஒரு சாயங்கால மழை ஐந்து சென்டிமீட்டர் பெய்தால் குளத்தில் ஐந்தில் ஒரு பங்கு புதுத் தண்ணீர். போட்ட பைகார்பனேட் எல்லாம் நீர்த்துப்போகும். காரத்தன்மை இறங்கும். ஸ்பைருலினாவுக்குப் பாதுகாப்பே அந்தக் காரம்தான். பிஎச் ஒன்பதரை, பத்து என்று இருக்கும் தண்ணீரில் பெரும்பாலான உயிர்கள் பிழைக்காது, அது மட்டும் பிழைக்கும். காரம் இறங்கினால் சாதாரணப் பச்சைப் பாசி உள்ளே வரும். அதைத் தின்ன நுண்ணுயிர் வரும். அப்புறம் கொசுக்குஞ்சு, ஈப்புழு, தவளை. ஆகவே எங்கள் ஊரில் கூரை இல்லாமல் முடியாது. ஒளி புகும் கூரை வேண்டும், அது வெயிலில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். புகைமூட்டக் காலத்தில் இன்னும் கொஞ்சம் போய்விடும். 2023 மார்ச்சில் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் குளத்தை மேட்டில்தான் கட்டுவார்கள். எங்கள் துண்டு நிலம் மேடாக இருந்தது தாத்தாவின் புண்ணியம்.

ஒரு குளம் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை லேப்பில் இருக்கிற பிள்ளைகளுக்குப் புரிய வைக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. அங்கே குடுவை கெட்டால் ஊற்றிவிட்டு அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுப்பார்கள். இங்கே விதைப்பாசியைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். கால் லிட்டரிலிருந்து இரண்டரை லிட்டர், அதிலிருந்து இருபத்தைந்து, இருநூற்றைம்பது, இரண்டாயிரத்து ஐந்நூறு, அப்புறம்தான் குளம். ஒவ்வொரு படியும் ஒரு வாரம், பத்து நாள். அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால், கொஞ்சப் பாசி நிறையத் தண்ணீரில் வெயில் தாங்காமல் வெளுத்துப்போகும். பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து எங்களிடம் வேலைக்கு வரும் அக்கா ஒருவர் இளம் வயதில் ரப்பர் நாற்றுமேடையில் வேலை பார்த்தவர். அவருக்கு மட்டும் இதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

எந்தப் பாசி என்பதிலும் ஒரு வாக்குவாதம் நடந்தது. கூட்டாளிக்குக் குளோரெல்லா மேல் ஆசை. ஜப்பான் டப்பா, தைவான் டப்பா எல்லாம் பார்த்து வளர்ந்த மோகம். நான் மறுத்தேன். ஸ்பைருலினா நூல் நூலாகச் சுருண்டு இருப்பதால் நெருக்கமான வலைத்துணியிலேயே வடித்துவிடலாம். குளோரெல்லா உருண்டை, ஒரு செல் சில மைக்ரான்தான், துணியில் நிற்காது. மையவிலக்கு எந்திரம் வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். வடித்த பிறகும் அதன் செல் சுவர் தடிப்பு, உடைத்தால்தான் உள்ளே இருப்பது ஒழுங்காகச் செரிக்கும். சின்ன ஊர், சின்ன முதல். வலைத்துணி ஜெயித்தது.

ஜப்பானைப் பற்றிப் பேச்சு வந்ததால் யூக்ளினா என்ற ஒரு செல் பாசியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்திலிருந்து தொழிலுக்குப் போன பாசிகளில் எனக்குப் பிடித்தது இதுதான். தோக்கியோ பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது 1998-இல் வங்காளதேசம் போன மிட்சுரு இசுமோ, அங்கே அரிசி இருந்தும் சத்து இல்லாத பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தார். 2005 ஆகஸ்டில் நிறுவனம் தொடங்கினார். அந்த டிசம்பரிலேயே இஷிகாகி தீவில் வெளிக்குளத்தில் யூக்ளினாவைப் பெருமளவில் வளர்த்துவிட்டார்கள். நாலே மாதத்தில் எப்படி? அவர்கள் குளம் வெட்டவில்லை. அந்தத் தீவில் ஏற்கெனவே குளோரெல்லா வளர்த்துக்கொண்டிருந்தவர்களின் குளத்தைப் பயன்படுத்தினார்கள். குளம், சக்கரம், உலர்த்தும் எந்திரம், அதை ஓட்டத் தெரிந்த ஆட்கள் எல்லாம் அங்கே இருந்தன. பல்கலைக்கழகத்திலிருந்து போனது உயிரும் அதற்கான கரைசலும். யூக்ளினா எல்லாவற்றுக்கும் பிடித்தமான தீனி, அதனால் மற்ற உயிர்கள் நெருங்க முடியாத புளிப்புத் தண்ணீரில் வளர்த்தார்கள். ஸ்பைருலினாவுக்குக் காரம் எப்படியோ அதற்குப் புளிப்பு அப்படி. 2012-இல் அந்த நிறுவனம் தோக்கியோ பங்குச் சந்தையில் ஏறியது. நம் ஊரில் இதே கதையைச் சொல்லும்போது இளைஞர், கனவு, வெற்றி என்று சொல்வார்கள். இன்னொருவருடைய பழைய குளம் என்ற பகுதி விட்டுப்போகும்.

சரி, குளுவாங்கில் ஏற்கெனவே என்ன இருக்கிறது? செம்பனை ஆலை இருக்கிறது. அதனால் எங்கள் திட்டத்தைக் கேட்கிற ஒவ்வொருவரும், அமைச்சு அதிகாரியிலிருந்து கோப்பிக் கடை நண்பர்வரை, ஒரே யோசனையைச் சொல்வார்கள்: “ஆலைக் கழிவுத் தண்ணியில வளர்க்கலாமே?”

முப்பது வருஷம் அந்தத் தண்ணீரின் பக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு டன் செம்பனை எண்ணெய் எடுத்தால் இரண்டரை, மூன்று டன் கழிவுநீர் வரும். வெளியே வரும்போது சூடு எண்பது டிகிரிக்கு மேல். உயிர்வளித் தேவை, அதாவது அதிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். சாக்கடையைவிட எத்தனையோ மடங்கு. நிறம் காப்பிக் கறுப்பு, வெளிச்சம் உள்ளே போகாது. அதைக் குளம் குளமாக மாற்றி, பாக்டீரியாவை வைத்துச் செரிக்க வைத்த பிறகு மிச்சமாகும் தண்ணீரில் நைட்ரஜனும் பொட்டாசியமும் இருக்கின்றன. அதில் பாசி வளரும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பாங் சியூ மோய் குழுவினர் ரப்பர் ஆலைக் கழிவிலும் சாகோ ஆலைக் கழிவிலும் வளர்த்தே காட்டியிருக்கிறார்கள். அது பெரிய வேலை. தண்ணீரைச் சுத்தப்படுத்தும் வேலை. மீன் தீவனம், உரம் என்று அதன் பயனும் உண்டு. ஆனால் அந்தப் பாசியைக் குளிகையாக்கி உங்கள் அம்மாவிடம் கொடுப்பீர்களா? வாங்குகிறவர், சுகாதார அமைச்சு, ஹலால் சான்று கொடுப்பவர் மூன்று பேரையும் தாண்டி அது போகாது. போகவும் கூடாது. ஒரே பாசி இரண்டு தொழில் செய்யும் என்று திட்டத்தில் எழுதுவது மானியம் வாங்க வசதி. குளத்தில் இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்.

ஆலையிலிருந்து எடுத்துக்கொள்ளத் தகுந்தது காற்றுதான். மூடிய குளத்தில் கழிவு செரிக்கும்போது வரும் பயோகேஸில் ஏறக்குறைய அறுபது சதவீதம் மீத்தேன், மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. ஒரு கிலோ காய்ந்த பாசி வளர ஏறக்குறைய 1.8 கிலோ கரியமில வாயு செலவாகிறது. பாசி வளர வளரத் தண்ணீரின் பிஎச் ஏறிக்கொண்டே போகும், பத்தரைக்கு மேல் போனால் அதற்கே மூச்சுத் திணறும். கரியமில வாயுவை விட்டால் இறங்கும், பைகார்பனேட் செலவும் மிச்சம். கூச்சிங் அருகே நிலக்கரி மின் நிலையத்தின் பக்கத்திலேயே 5 ஹெக்டேரில் ஜப்பானின் சித்தோசே நிறுவனம் 2023-இல் திறந்த பாசிப் பண்ணை இந்த யோசனையில்தான் நிற்கிறது. சரவாக் பல்லுயிர் மையத்தோடு பல வருஷம் சேர்ந்து, சின்ன அளவில் ஓட்டிப் பார்த்த பிறகே அந்த அளவுக்குப் போனார்கள். எங்களுக்கு வாயுவைக் கழுவிச் சுத்தம் செய்யும் கருவி வாங்க இப்போதைக்கு வக்கில்லை. சிலிண்டர்தான்.

வடித்த பாசி பச்சைக் களிம்பாக வரும். அப்போதும் அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் தண்ணீர். எங்கள் ஊர்ச் சூட்டில் சில மணி நேரம் வைத்தால் நாற்றமெடுத்துவிடும். ரப்பர்ப் பாலும் இப்படித்தான், வெட்டிய அன்றே ஸ்டோருக்குப் போக வேண்டும். செம்பனைக் குலையும் நாள் தவறினால் அமிலம் ஏறும். பாசியில் அந்த அவகாசம் இன்னும் குறைவு. வெயிலில் காய வைத்தால் செலவில்லை, ஆனால் மழை ஊர், கிருமி ஏறும். உறைய வைத்து உலர்த்தினால் நிறம், சத்து எல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் மின் கட்டணம் எகிறிவிடும். தூவி உலர்த்தும் எந்திரம் நடுவில் நிற்கிறது. வேகம், சீரான தூள், ஆனால் விலை ஒரு சின்ன வீடு வாங்கலாம். குறைந்த சூட்டில் காற்றடித்து உலர்த்தும் அலமாரி ஒன்றை வைத்து நாங்கள் ஓட்டுகிறோம். ஸ்பைருலினாவின் நீல நிறமான பைகோசயனின் ஈரத்தோடு இருக்கும்போது ஐம்பது டிகிரியிலேயே சிதையத் தொடங்கும். அமெரிக்காவில் 2013 முதல் மிட்டாய்க்கு நிறமூட்டவே அதை அனுமதித்திருக்கிறார்கள், நல்ல விலை. அது வேண்டுமென்றால் சூட்டைக் கூட்ட முடியாது, சூட்டைக் கூட்டாவிட்டால் மெதுவாகக் காயும், மெதுவாகக் காய்ந்தால் கிருமி.

அதனால் ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனை. மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏ உடல்நலச் சத்துப் பொருளுக்கு வைத்திருக்கும் வரம்பு: ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, ஆர்செனிக் 5, பாதரசம் 0.5, காட்மியம் 0.3. சால்மொனெல்லாவும் ஈகோலியும் இருக்கவே கூடாது. இதையெல்லாம் தாண்டி, முறையான தயாரிப்புக் கூடம் இருந்தால்தான் டப்பாவில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கி ‘என்’ என்று முடியும் பதிவெண் வரும். காட்டுக் குளங்களில் வளரும் வேறு நீலப்பச்சைப் பாசிகள் ஈரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் நச்சை உண்டாக்கும். அவை கலந்திருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பதோடு வேதிச் சோதனையும் வேண்டும். இதில் எதுவும் மலிவில்லை. குளம் சின்னதோ பெரியதோ, சோதனைக் கட்டணம் ஒன்றே. நாளுக்கு அறுநூறு கிராம் எடுக்கிறவன் அதைக் கட்டி மாளாது.

இங்கேதான் பல்கலைக்கழகம் தேவைப்பட்டது. ஒப்பந்தம் போட்ட அன்று பதாகை இருந்தது, கோப்பு மாற்றிக்கொண்ட படம் இருந்தது, நாசி லெமாக் இருந்தது. ஒப்பந்தத்தில் ‘ஒத்துழைப்பு’, ‘பரிமாற்றம்’ எல்லாம் இருந்தன. ஒரு தொகுதித் தூளுக்குச் சோதனை யார் செலவில், எத்தனை நாளில் என்பது மட்டும் இல்லை. நாங்கள் அனுப்பிய மாதிரிகள் எந்திரம் காலியாகும்வரை காத்திருந்தன. ஆய்வு மாணவர்களின் ஆய்வேடு முன்னால், எங்கள் டப்பா பின்னால். அதில் அநியாயம் ஒன்றுமில்லை; பேராசிரியருக்கு மதிப்பெண் கட்டுரைக்குத்தான், தூளுக்கு இல்லை. எங்கள் பாசியைப் பார்த்துக்கொண்ட மாணவிக்கு மேற்படிப்பு முடிந்தது, கோலாலம்பூரில் வேலை கிடைத்தது, போய்விட்டார். அவரோடு சேர்ந்து, பாசி வெளுக்கும் முன் தண்ணீரில் எந்த வாசம் மாறும் என்ற அறிவும் போய்விட்டது. மானியம் முடிந்தபோது அந்தப் பணத்தில் வாங்கிய கருவி யாருடைய கட்டடத்தில் இருந்ததோ அங்கேயே இருந்தது.

குடுவைக்கும் சந்தைக்கும் நடுவில் இருக்கிற இந்த இரண்டாயிரம், இருபதாயிரம் லிட்டர் அளவு யாருடைய வேலையும் இல்லை என்பதுதான் சிக்கல். ஆய்வாளருக்கு அதில் புதுமை இல்லை, முதலாளிக்கு அதில் லாபம் இல்லை. இந்த நாட்டில் இதற்கு முன் அந்த நடு அளவை யார் தாங்கினார்கள் என்று யோசித்தால் பதில் தூரத்தில் இல்லை. ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் வந்தது. ஏற்றுமதியாகும் ரப்பர் மேல் தீர்வை பிடித்து, அந்தப் பணத்தில் ஆராய்ச்சி ஓடியது. பெரிய தோட்டமும் சின்னத் தோட்டக்காரரும் எடைக்கு ஏற்பக் கட்டினார்கள். அதில்தான் 600-ஆம் எண் ரப்பர் ரகம் வந்தது. ஆனால் ரகத்தைவிடப் பெரிய சாதனை, என் கணக்கில், 1965-இல் வந்த மலேசியத் தர ரப்பர். அதுவரை புகைபோட்ட ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கண்ணால் தரம் சொன்னார்கள். அதற்குப் பிறகு அழுக்கு, சாம்பல், நைட்ரஜன், ஆவியாகும் பொருள் என்று அளந்து, காகிதத்தில் எழுதி, கட்டியாக விற்றார்கள். எங்கோ இருக்கிற டயர்க் கம்பெனிக்காரர் பார்க்காமலே வாங்க முடிந்தது. செம்பனை எண்ணெயிலும் அதே கதை: அமிலம் 5 சதவீதத்துக்குள், ஈரமும் அழுக்கும் சேர்ந்து கால் சதவீதத்துக்குள். ஆலை லேப்பில் என் வாழ்நாள் முழுக்க அந்த இரண்டு எண்களைக் காவல் காத்ததுதான் வேலை.

இன்னொன்றும் எங்கள் ஊரிலேயே நடந்தது. என் அத்தை எழுபதுகளில் செம்பனைத் தோட்டத்தில் மகரந்தம் அடிக்கும் கும்பலில் இருந்தார். ஆண் பூவின் தூளை டால்கத்தோடு கலந்து, சின்ன ஊதுகுழாயில் வைத்து, பெண் பூவாகத் தேடிப் பிடித்து ஊத வேண்டும். நாட்டில் செம்பனை இருந்தது, அதற்கு ஏற்ற பூச்சி இல்லை. ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் கேமரூனில் செம்பனைப் பூவைச் சுற்றும் ஒரு கூன்வண்டைக் கவனித்தார். ஆராய்ச்சிச் செலவை யூனிலீவர் ஏற்றது. அந்த வண்டு வேறு பயிரைக் கெடுக்காது என்று தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு 1981-இல் குளுவாங் பாமோல் தோட்டத்தில் விட்டார்கள். கொஞ்ச காலத்தில் ஊதுகுழாய்க்கு வேலை இல்லாமல் போனது. தோட்டத்தில் ஒரு மேலாளர், காட்டில் ஒரு ஆய்வாளர், பணம் போட ஒரு நிறுவனம், தடுக்கவோ விடவோ அதிகாரமுள்ள ஒரு அரசு, நாலும் ஒரே கேள்வியில் உட்கார்ந்திருந்ததால் அது நடந்தது. அத்தை அதற்குப் பிறகு உதிரிப் பழம் பொறுக்கப் போனார். அவரிடம் யாரும் கேட்கவில்லை. லாபத்தைப் பற்றி எழுதும்போது அதையும் எழுதிவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்து ஊனையூரில் பாரி நிறுவனம் ஸ்பைருலினா விளைவித்து உலகச் சந்தைக்கு அனுப்புகிறது. அதற்கு முன்னாலேயே சென்னையில் முருகப்பச் செட்டியார் ஆய்வு மையத்தில் சி. வி. சேஷாத்ரி கிராமத்துப் பெண்கள் சின்னத் தொட்டியில் சுருள்பாசி வளர்க்கும் முறையைப் பிடித்துவைத்திருந்தார். ஆய்வு மையமும் பாரி நிறுவனமும் ஒரே முருகப்பா குழுமத்தின் நிழலில் இருந்தது அவர்களுக்கு வாய்த்த வசதி. புதுக்கோட்டை வெயிலும் குறைந்த மழையும் இன்னொரு வசதி. எங்களுக்கு இரண்டும் இல்லை.

ஆகவே இரண்டாவது ஒப்பந்தத்தை நான் உட்கார்ந்து எழுதினேன். பேராசிரியர் மலாய்க்காரர், நல்ல மனிதர். மலாய், ஆங்கிலம், நடுவில் எங்கள் தமிழ் என்று மூன்றிலும் பேசி முடித்தோம். தாய்ப்பாசி பல்கலைக்கழகத்தின் சேமிப்பில் எப்போதும் இருக்க வேண்டும், குளம் கெட்டால் அங்கிருந்து வரும். தொகுதிக்கு இவ்வளவு என்று சோதனைக் கட்டணம், குறித்த நாளுக்குள் முடிவு. மாணவர்கள் லேப்பில் மட்டும் இல்லாமல் ஒரு பருவம் எங்கள் குளத்தில் இருக்க வேண்டும், அவர்களுக்கு ஆய்வேட்டுத் தலைப்பே எங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்து வரும். மழைக்குப் பின் குளம் எத்தனை மணி நேரத்தில் மீள்கிறது என்பதை ஒரு பெண் அப்படித்தான் எழுதினார். காலை, மதியம், மாலை பிஎச்சும் சூடும் எழுதுவது நாற்றுமேடை அக்காவும் அவரோடு வரும் இன்னொருவரும். அந்த எண்களை வைத்து வெளிவரும் கட்டுரையில் அவர்கள் பெயரும் நன்றிப் பட்டியலில் வர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். பேராசிரியர் உடனே ஒப்புக்கொண்டார்; கூட்டாளிதான் எதற்கு என்று கேட்டார்.

விற்பனையில் எனக்கும் அவருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு. கோயில் பக்கம் விற்கும்போது சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பி12-க்கு நல்லதா என்று கேட்பார்கள். ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி மனித உடம்புக்கு வேலை செய்யாத போலி பி12. பழைய சோதனை முறைகள் இரண்டையும் பிரித்துக் காட்டாததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. “இல்லைன்னு சொன்னா எவன் வாங்குவான்” என்கிறார் கூட்டாளி. புரதம் உண்டு, இரும்பு உண்டு, அதைச் சொல்லி விற்போம் என்கிறேன். மூன்று கிராமில் எவ்வளவு புரதம் வரும் என்று யாராவது கேட்டால், இரண்டு கிராம்கூட இல்லை என்றும் சொல்ல வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம். விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முட்டைதான் வெல்லும். இதைச் சொல்கிற அன்று விற்பனை குறையும், ஆனால் அதற்கடுத்த மாதம் வந்து வாங்குகிறவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

இப்போது கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. கூட்டாளிக்கு இரண்டாவது குளம் வேண்டும், பந்தல் போடுகிறவரிடம் விலையும் கேட்டுவிட்டார். இருக்கிற குளத்தின் களிம்பையே அலமாரி மாலைக்குள் காய வைத்து முடிப்பதில்லை, இன்னொரு குளம் வந்தால் கொட்டத்தான் வேண்டும், முதலில் உலர்த்தும் எந்திரம் என்பது என் கட்சி. பேராசிரியர் மூன்றாவதாக ஒன்று சொல்கிறார்: ஜொகூரில் எங்களைப் போல முட்டிக்கொண்டிருக்கும் மற்ற சின்னப் பாசிக்காரர்களையும் சேர்த்து, கிலோவுக்கு இவ்வளவு என்று ஆளாளுக்குப் போட்டு, பொதுவாக ஓர் உலர்த்தும் கூடமும் ஒரே சோதனைத் தரமும் வைக்கலாம் என்று. ரப்பர் தீர்வையைப் பற்றி நான் அவரிடம் புலம்பியதை ஞாபகம் வைத்திருந்தார் போல. போட்டிக்காரனோடு ஒரே கூடத்திலா என்று கூட்டாளி முகம் சுளிக்கிறார். அடுத்த கூட்டத்துக்கு யார் எவ்வளவு தூள் எடுக்கிறார்கள், எவ்வளவைக் கொட்டுகிறார்கள் என்ற பட்டியலை நான் கொண்டுபோக வேண்டும். எடுக்கிற கணக்கை எல்லோரும் உடனே கொடுத்துவிட்டார்கள். கொட்டுகிற கணக்குத்தான் வரவில்லை.